அகஸ்டின் மான் தேடிய காடு

எதையும் உறுதியாகச் சொல்லத் தெரியாத ஒருவரிடம் போய், 'மான் எங்கே இருக்கிறது, சொல்' என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? ரங்கூனின் தாகேதாவில் குடியிருக்கும் அகஸ்டினின் வாழ்க்கை ஐம்பது வயதுக்கு மேல் இந்தக் கேள்வியில் போய் முட்டிக்கொண்டது.

பபேடான் கடைத்தெருவில் தஸ்தகீர் பாயின் ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுப்பது அவர் வேலை. நல்லவர் என்பார்கள், யாரையும் மறுத்துப் பேசாதவரை அப்படிச் சொல்வது எளிது. மனைவி தெரேசாவின் தம்பி ஸ்டீவன் லாரி ஓட்டுகிறவன். பெகு மலையடிவாரத்து வேட்டைக்காரர்களோடு ஆண்டுதோறும் காட்டுக்குப் போவான். அகஸ்டினையும் கூட்டிப் போகச் சொன்ன அக்கா தெரேசாவிடம் அவன் சிரித்தான்.

"அத்தான் வந்து என்ன பண்ணுவாரு? மானுக்குச் சட்டைத் துணி கிழிப்பாரா?"

பிறகு ஒரு நிபந்தனை போட்டான். அத்தான் முன்னதாகப் போய்க் காட்டைப் பார்த்து, மான் நடமாடும் இடத்தைக் கண்டு வந்தால் கூட்டத்தில் இடம். இல்லையென்றால் இனி அந்தப் பேச்சே கிடையாது. எந்தக் கூட்டத்திலும் யாரும் தன்னைச் சேர்த்ததில்லை என்பது அகஸ்டினுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இடம் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறினார். காட்டில் குளம்படி தெரிந்தது. மானா, ஊர் ஆடா? நெல்லி மரத்தடியில் அசைபோட்டுத் துப்பிய கொட்டைகள். அதுவும் ஆடாக இருக்கலாம். இளமரத்தில் உரிந்த பட்டை. கொம்பு உரசியதா, விறகு வெட்டியின் கத்தியா? வழி மறக்காமலிருக்கக் கடையின் சிவப்பு, வெள்ளைத் துண்டுத் துணிகளை மரங்களில் கட்டிக்கொண்டே போனார். சந்தேகம் கூடிய இடத்தில் இரண்டாகக் கட்டினார்.

"இருக்கும்போலத்தான் இருக்கு," என்றார் திரும்பி வந்து.

"இருக்கா, இல்லையா?"

"இருக்குன்னு வச்சுக்கயேன்."

மறுமாதம் நாயும் வலையுமாகக் கூட்டம் கிளம்பியது. நெல்லி மரத்தை நெருங்கியதும் மூத்த வேட்டைக்காரர் ஊ சோ தைன் செருப்பைக் கழற்றினார். மரத்தடியில் தேங்காய், வாழைப்பழம், அணைந்த மெழுகுவத்தி. கிளையில் அகஸ்டினின் துணி.

"இங்க நாட் இருக்கு. உள்ள போகக் கூடாது," என்றார் பர்மியத்தில்.

சிவப்பும் வெள்ளையும் நாட் எனும் காவல் தெய்வத்துக்குக் கட்டுகிற நிறங்கள். ரங்கூன் பஸ் கண்ணாடிகளில் அகஸ்டின் தினமும் பார்த்ததுதான். காட்டில் நினைவுக்கு வரவில்லை. துணியைக் கண்ட ஊர்க்காரர்கள் படையல் வைத்திருக்கிறார்கள்.

ஸ்டீவன் காதோரம் வந்தான். "அத்தான், இது உங்க கடைத் துணிதானே? சொல்லிடுங்க. வலைய விரிச்சிடுவாரு. மொத ஆளா உங்களயே நிறுத்துறேன்."

கட்டியது தான்தான் என்பதில் அகஸ்டினுக்கு ஐயமில்லை. ஆனால் இத்தனை பேர் கும்பிட்ட பிறகும் அது கடைத் துணிதானா? அதை யாரிடம் கேட்பது?

உள்ளே எங்கோ நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம் எழுந்தது. கூட வந்த நாய்கள் காதை நிமிர்த்தின.

"கேளையாடு! பேருதான் ஆடு, மான்தான் அது. நாய் மாதிரியேதான் கத்தும். நீங்க சொன்னது சரி அத்தான்!"

ஊ சோ தைன் திரும்பி, மரியாதைக்குக் 'கோ' சேர்த்துக் கேட்டார். "கோ அகஸ்டின், நீங்கதானே முன்னால வந்து பார்த்தது? இதை யார் கட்டினதுன்னு தெரியுமா?"

"தெரியாது," என்றார் அகஸ்டின், கொஞ்சமும் தயங்காமல்.

வலை லாரியில் ஏறியது. அடுத்த ஆண்டு ஸ்டீவன் அவரைக் கூப்பிடவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று தெரேசா பலமுறை கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அகஸ்டின் கடைக்குக் கிளம்பிவிட்டார்.