பதினோராம் மாடிக் கம்பித் தட்டு

யாங்-சுன் அம்மாளைப் பற்றி எங்கள் குடியிருப்பில் யாரும் தப்பாகப் பேச மாட்டார்கள். அவர் ஜன்னலுக்குக் கீழே நின்று பேச மாட்டார்கள், அவ்வளவுதான்.

கொரியாவின் இன்சியோன் நகரில், கடற்காற்று நேராக வந்து மோதும் கட்டடம் எங்களுடையது. பள்ளிச் சமையலறையில் இருபது வருஷம் சூப் கிளறி ஓய்வு பெற்றவர் அவர். கூட ஓய்வு பெற்றவர்கள் மலையேறப் போனார்கள். இவர் ரோஜாப் பூப்போல இலை அடுக்கும் சதைப்பற்றுச் செடிகளில் இறங்கினார். கடையில் வாங்குவது கௌரவக் குறைச்சல். இரண்டு செடிகளின் பூக்களைத் தூரிகையால் தானே சேர்த்து வைத்து, தூசி போன்ற விதையை மூச்சடக்கி மண்மேல் தூவினார். தும்மினால் ஒரு தலைமுறை காலி. மூன்று வருஷத்தில் பிழைத்தவை பதினேழு.

வெயிலும் குளிர்காற்றும் நேராகப் பட்டால்தான் இவற்றின் ஓரம் சிவக்கும். கண்ணாடிக்குள் வைத்தால் பச்சையாகக் கழுத்து நீண்டுவிடும். அதனால் இங்கே செடிப் பைத்தியங்கள் எல்லாரும் செய்வதை அவரும் செய்தார். ஜன்னலுக்கு வெளியே கம்பித் தட்டு மாட்டினார். பதினேழு கன்றுகளும், பெற்றோரும், பெற்றோரின் உறவுமுறையும் தொட்டிகளோடு அதில் ஏறின.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு கன்றின் ஓரத்தில் சாம்பலும் ஊதாவும் கலந்து ஒரு நிறம் எட்டிப் பார்த்தது. யாரிடமும் இல்லாத நிறம். நவம்பரில் முழுசாக வந்துவிட்டால் பெயர் வைக்கும் உரிமை அவருக்கு. அதே வாரம் கீழே நடைபாதையில் துருத்தூள் விழுந்திருந்ததைக் கு என்ற காவலாளி பார்த்தார்.

நிர்வாக அலுவலகம் ஒலிபெருக்கியில், பெயர் சொல்லாமல், மிகப் பணிவாக, தட்டுகளைக் கழற்றச் சொன்னது. ஐந்து முறை. பிறகு கு நேரிலேயே போனார். இங்கே ஒரு தாயை மகன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

“சே-ஹுன் அம்மா, போல்ட் எல்லாம் துருப்பிடிச்சிருக்கு. கீழே பிள்ளைங்க போற வழி.”

“மூணு வருஷமா நிக்குது ஐயா. விழறதா இருந்தா எப்பவோ விழுந்திருக்கும்.”

“மூணு வருஷத்துக்கு முன்னாடி தொட்டி எத்தனை?”

“நவம்பர் வரைக்கும் பொறுத்துக்கங்க. நிறம் வந்ததும் நானே கழட்டிடறேன்.”

கு சம்மதித்தார். போல்ட்டை யாரும் கேட்கவில்லை.

நாங்கள் சண்டை போடவில்லை, வளைந்து நடந்தோம். புல்வெளியில் அரைவட்டமாக ஒரு தடம் விழுந்தது. குடியிருப்போர் கூட்டத்தில் புல் காய்ந்ததைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம்.

செப்டம்பரில் புயல் எச்சரிக்கை வந்தது. பிற்பகல் மூன்று மணி, பள்ளி விடும் நேரம். அவர் பதினேழையும் உள்ளே எடுத்து சோபாவில் வைத்தார். பெரிய தொட்டிகளையும் எடுக்கச் சொன்னார் கணவர். அவை கனம், காற்றுக்கு அசையாது என்றார் யாங்-சுன்.

கன்றுகள் இருந்த இடது பக்கம் காலியானதும் தட்டு வலது பக்கம் சாய்ந்தது. இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவர் கீழே பார்த்தார். குடைகள் எல்லாம் வெறும் தரையைச் சுற்றி வளைந்து போயின. மூன்று வாரமாக ஊரே போட்ட அரைவட்டத்தை அப்போதுதான் பார்த்தார்.

கு கைகளை விரித்துக் குடைகளை நிறுத்தினார். அண்ணாந்து தலையசைத்தார். யாங்-சுன் பிடியை விட்டார்; தட்டு தொட்டிகளோடு கீழே போனது.

யாருக்கும் அடிபடவில்லை. கண்ணாடிக்குள் அந்த ஊதா ஓரம் பத்து நாளில் வெளிற ஆரம்பித்தது. பொறுக்க முடியாமல், அந்தக் கன்றைப் பன்னிரண்டாம் மாடித் தோழியிடம் கொடுத்தார். அங்கே தட்டு உண்டு. போல்ட் புதுசு என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.