களி தின்ற கெண்டைகள்

நான் விருப்ப ஓய்வு வாங்கிய சில மாதங்களில், என்னை மலையை விட்டு இறக்கிவிடலாம் என்ற யோசனைக்கு என் மனைவி வந்துவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். ஊசி போடுவதற்கு முன் நோயாளியிடம் பேசுகிற குரலில், ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"சேலத்து வீடு சும்மாதானே பூட்டிக் கெடக்கு. நீங்க அங்க போய் இருங்களேன். சிநேகிதங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க. நான் சனி ஞாயிறு வந்துட்டுப் போறேன்."

அவள் நர்ஸ். பதவி உயர்வோடு கொல்லிமலைக்குப் போட்டார்கள். நான் கணக்குப் பிரிவில் நாற்காலி தேய்த்தவன். "இனி மனைவியோடு மலைவாசம்" என்று பிரிவுபசார விழாவில் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். மலையில் என்ன செய்யப்போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

என்ன செய்தேன் என்றால், சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினேன். கடுகுக்குக் கை நீட்டியவள் கசகசாவைத் தாளித்தாள். பிறகு அவளுடைய ஆஸ்பத்திரிக்கே போய், வெளிநோயாளிகளை எப்படி வரிசையில் நிறுத்த வேண்டும் என்று விளக்கினேன். அங்கே நின்றவர்கள் மூன்று பேர். அன்று சாயங்காலம்தான் அந்த ரசப் பேச்சு.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது. இத்தனை வருடம் கூட இருந்துவிட்டு, இனிமேல் சனி ஞாயிறு விருந்தாளிக்குக் காத்திருக்க எனக்கு இஷ்டமில்லை.

"ஏதாவது ஒண்ணு பழகிக்கிறேன். மீன் பிடிக்கிறேன்" என்றேன். அன்று மத்தியானம் செல்போனில் பார்த்த வீடியோ வாய்க்கு வந்தது.

"நீங்க மீனே திங்க மாட்டீங்களே."

"திங்கறதுக்கில்ல. பிடிச்சு, மறுபடியும் தண்ணில விட்டுர்றது."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு சிரித்தாள். "சரி. பொங்கல் வரைக்கும் பாருங்க. ஒரு மீன் பிடிச்சாலும் நீங்க மலைக்காரர்தான். இல்லேன்னா பொங்கலுக்குச் சேலம் போறப்ப உங்க பெட்டியையும் தூக்கிக்கலாம்."

நான் பழக எடுத்துக்கொண்ட வித்தையில் புழு கிடையாது. தூண்டில் முள்ளின் மேல் கோழி இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி ஜோடிப்பார்கள். அதற்கு எடையே இல்லை, எறிந்தால் போகாது. அதனால் கனமான ஒரு கயிற்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னுமாக வீசி, கடைசியில் பூச்சி வந்து உட்கார்வது போல அதைத் தண்ணீர்மேல் படுக்க வைக்க வேண்டும். வீடியோவில் வெள்ளைக்காரர் ஒருவர் அதை ஆலாபனை செய்வது போலச் செய்தார். அதற்கான தூண்டில் கம்பு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "திரைச்சீலை மாட்டற கம்பிங்களா சார்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சில உண்மைகளை பஸ்ஸை நிறுத்தி வைத்துக்கொண்டு விளக்க முடியாது.

நாங்கள் குடியிருந்த வீட்டுக்குக் கீழே ஓடை. ஒரு சின்னத் தடுப்பணை, அதன் காலடியில் ஒரு மடு. அதில் விரல் நீளக் கெண்டைகள். சுற்றிலும் வீட்டுக்கார அம்மாவின் காடு: சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, சரிவில் குச்சிக்கிழங்கு. அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நான் அக்கா என்பேன்; அவர் என்னை சார் என்பார். அவரிடம் ஒரு செவலைச் சேவல் இருந்தது. இறகு கேட்டபோது, எதற்கு என்றுகூடக் கேட்காமல் பிடித்துக் கொடுத்தார்.

முதல் நாள் என் சட்டைக் காலரைப் பிடித்தேன். இரண்டாம் நாள் என் தொப்பியை. அந்த வாரக் கடைசியில் முள் பின்பக்கம் பறந்து மிளகுக்கொடியில் உயரமாக மாட்டியது. ஏணியோடு வந்த அக்கா, "மொளகு பறிக்கற பருவம் இன்னும் வரலீங்களே சார்" என்று மட்டும் சொன்னார். ஐப்பசி மழையில் ஓடை காப்பி நிறத்துக்கு மாறியது. ஆற்றில் இறங்கி நின்றவர்களுக்கு ஞானம் வந்ததாக நிறையப் படித்திருக்கிறேன். எனக்குச் சளி வந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கார்த்திகை வாக்கில் கயிறு என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. பூச்சி சில தடவை நிஜமாகவே பூச்சி மாதிரி இறங்கியது. மலைப் பனி விலகுவதை, தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவதை, வேறு எதையும் நினைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். டப்பாக்கள் பழைய இடத்துக்குப் போய்விட்டதையே நான் கவனிக்கவில்லை. மீன்தான் வரவில்லை. கெண்டைகள் என் பூச்சிக்கு அடியில் வந்து நின்று பார்த்துவிட்டு, கல்யாணச் சாப்பாடு முடித்தவன் வெற்றிலையையும் வேண்டாம் என்று தள்ளுவது போலத் திரும்பிப் போயின. இறகும் நின்றுபோனது. சேவல் இப்போதெல்லாம் பஞ்சாரத்துக்குள்ளேயே இருந்தது. "ஒடம்பு செரியில்லீங்க" என்றார் அக்கா. அது உள்ளேயிருந்து திடமாகக் கூவிற்று.

பொங்கலுக்குச் சில நாட்களே இருந்தன. பரண் மேலிருந்த என் பெட்டியை மனைவி தூசி தட்டிக் கீழே வைத்திருந்தாள். அன்று தூக்கம் வராமல், வழக்கத்தைவிட முன்னதாகவே விடிந்தும் விடியாததுமாக ஓடைக்கு இறங்கினேன். மடுவின் கரையில் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் குந்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சட்டி. அக்கா ராகிக் களியைக் கிள்ளிக் கிள்ளித் தண்ணீரில் போட, கெண்டைகள் முண்டியடித்தன.

"என்னக்கா பண்றீங்க?"

"மீனுக்குப் பசிக்குமில்லீங்க."

"நான் வர்ற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியா பாத்துப் பசிக்குதா?"

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "சொல்லிரு புள்ள."

"கோவிச்சுக்கப்படாதுங்க சார். நர்சம்மாவுக்குக் கீழ்நாட்டுக்கு மாத்தல் கெடைக்கோணும்னுதானே இந்த வேண்டுதல் பண்றீங்க?"

"வேண்டுதலா?"

"புழு இல்லாத தூண்டில் போடறீங்க. காலு மரத்துப்போற தண்ணில விடியால நிக்கறீங்க. சிக்குனாலும் விட்டுருவேன்னு நீங்களேதான் சொன்னீங்க. திங்கவும் இல்ல, விக்கவும் இல்ல. வேண்டுதல் இல்லாம மனுசன் இப்பிடிப் பண்ணுவானுங்களா?"

யோசித்துப் பார்த்தேன். வாதத்தில் ஓட்டையே இல்லை.

"இங்க வாரவிங்க எல்லாம் வந்த அன்னிக்கே கடைசி பஸ்ஸு எப்பன்னுதான் கேப்பாங்க" என்றார் வீட்டுக்காரர். "முன்னிருந்த நர்சம்மா கெழங்கு வேகற நேரங்கூட இருக்கல. இந்தம்மா கூப்பிட்ட நேரத்துக்கு டார்ச்சத் தூக்கிட்டு வாராங்க. எம்மருமவளுக்குக் கொழந்த குறுக்கால நின்னப்ப, ஆம்புலன்சு வார வரைக்கும் கையப் புடிச்சிக்கிட்டே இருந்தாங்க. உட முடியுங்களா? மீனு சிக்குனாத்தானே வேண்டுதல் பலிக்கும். அதான் வவுத்த ரொப்பி உட்டுட்டோம்."

"எத்தனை நாளா?"

"மழ நின்னதுலருந்துங்க" என்றார் வீட்டுக்காரர். "மேலூட்டுக்காரங்க ஒரு நாளு, நாங்க ஒரு நாளு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பெட்டி ஞாபகம் வந்ததும் நின்றது. விஷயத்தைச் சொன்னேன். நர்சம்மா எங்கேயும் போகவில்லை. மாற்றல் கேட்கவும் இல்லை. மீன் சிக்காவிட்டால் மலையை விட்டு இறங்கப்போவது நான்தான்.

"நீங்க மட்டுமா?" என்றார் அக்கா.

"நான் மட்டும்."

அவர் யோசித்தார். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் யோசித்தார் என்றே எனக்குப் பட்டது.

"பாவம், அவரும் இருந்துட்டுப் போவட்டும்" என்றார் வீட்டுக்காரர்.

"இருக்கட்டும் இருக்கட்டும். நர்சம்மாவுக்கும் பேச்சுத்தொணை வேணுமில்ல." அக்கா சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "நாளைலருந்து போடலீங்க. மேலூட்லயும் சொல்லிர்றேன்."

பிரிவுபசார விழாவில் எனக்கு ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தன. ஆனால் என் அலுவலக வாழ்க்கை முழுவதிலும், நான் போகக்கூடாது என்பதற்காக யாரும் ஒரு உருண்டை களி கிளறியதில்லை. இந்தக் களியும் எனக்காகக் கிளறியதில்லை, தெரியும். அவளுக்காகக் கிளறியது. இருந்தாலும் அன்று மேடேறும்போது, அதன் ஒரு ஓரம் என் இலையிலும் விழுந்த மாதிரி வயிறு நிறைந்திருந்தது.

போகிக்கு முந்தைய காலை. சேவல் வெளியே வந்திருந்தது. புது இறகில் பழுப்பாக ஒரு பூச்சி கட்டியிருந்தேன். அக்கா வெறுங்கையோடு அணை மேல் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீரில் கால் வைத்ததுமே கெண்டைகள் கூட்டமாக ஓடி வந்தன. கரையில் காலடி கேட்டால் களி விழும் என்று அவற்றுக்குப் பழகியிருந்தது. அந்தப் பழுப்புப் பூச்சி, பார்ப்பதற்கு ஒரு கிள்ளு ராகிக் களி போலவே இருந்தது. நான் மாதக்கணக்காகப் பழகிய வீச்சுக்கு வேலையே இல்லை. கயிறு சுருண்டு பொத்தென்று விழுந்தது. அப்படியும் ஒன்று கவ்விற்று.

கம்பு நுனியில் ஒரு துடிப்பு வந்து என் முழங்கை வரை ஏறியது. கையை நனைத்துக்கொண்டு எடுத்தேன். சுண்டுவிரலைவிடச் சற்றுப் பெரிது. வெள்ளிப் பக்கவாட்டில் ஒரு கறுப்புப் பொட்டு, களி உண்டு வளர்ந்த தொந்தி. முள்ளைக் கழற்றித் தண்ணீருக்குள் வைத்தேன். உள்ளங்கையில் ஒரு கணம் நின்று, பிறகு போயிற்று. எனக்குக் கண் கலங்கியது. பனிதான் என்று அக்காவிடம் சொன்னேன்.

சாயங்காலம் மனைவி செருப்பைக் கழற்றும்போதே அறிவித்தேன்.

"எங்க மீன்?"

"விட்டுட்டேன்."

"போட்டோ?"

"போனை எடுத்துட்டுப் போகல."

"அது சரி" என்றாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

வேலிக்கு அந்தப்பக்கமிருந்து குரல் வந்தது. "நான் பாத்தனுங்க நர்சம்மா. இத்தாம் பெருசு." அக்கா காட்டிய அளவுக்கு அந்த ஓடையில் மீனே கிடையாது. "சார் எங்கயும் போவலீங்க. நீங்களும் போவப்படாது."

அவள் என்னைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், கூடத்திலிருந்த பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"பரண்ல ஏத்திருங்க" என்றாள். "பொங்கலுக்குப் போறப்ப என் தம்பிகிட்ட சாவியக் குடுத்துட்டு வந்துரலாம். சேலத்து வீட்டுக்கு நல்ல குடித்தனமா பாக்கச் சொல்லலாம்."