சாமிதுரை கண்ணாடியில் போட்ட ஓட்டை

மயிலாடுதுறைப் பக்கத்தில் சாமிதுரையை 'போர் சாமிதுரை' என்றால்தான் தெரியும். வாலிபம் முழுக்க வயல்களில் போர் போட்டு ஆழ்குழாய் இறக்கிய ஆள். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், சாப்பிடாமல் இருந்துவிடுவார். அதுவும் மனைவி அம்சம் மீன்குழம்பு வைக்காத நாளாகப் பார்த்து.

அந்த வருஷம் எரிவாயு எடுக்க ஒரு கம்பெனி ஊருக்குள் வந்து, துளை போடத் தெரிந்தவர்களைத் தேடியது. சாமிதுரையின் அப்பா விவசாயச் சங்கக் கொடிபிடித்து நின்று குத்தகைப் பதிவு வாங்கிய நிலமும் அவர்கள் கேட்ட இடத்தில்தான் இருந்தது.

"வயலுக்குத் தண்ணி வேணும்னா எங்க வேணாலும் எறக்குறேன். வயலே போறதுக்கு எறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஊராரோடு சாலை மறியலில் போய் உட்கார்ந்தார். அவர் வேலை பார்த்த போர் வண்டியின் முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்.

வீட்டோடு இருந்தவர் அப்போதுதான் கவனித்தார். கொல்லைக் கொட்டகையில் கலர் மீன் வளர்த்து விற்கும் அம்சம், கண்ணாடித் தொட்டிகளுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, ஊரு பூரா ஓட்டை போட்டீங்களே, என் தொட்டிக்கு ஒண்ணு போடக்கூடாதா? மேல நிறையிற தண்ணி குழாய் வழியா கீழ்த்தொட்டிக்கு வடிஞ்சா, சுத்தம் பண்ணி மோட்டார்ல திரும்ப ஏத்திடலாம்."

கும்பகோணத்துக்குப் போய் கண்ணாடி துளைக்கும் வைர பிட் வாங்கிவந்தார். காலித் தொட்டியைச் சாக்கில் சாய்த்துவைத்து, பழக்கதோஷத்தில் மிஷினை அழுத்தினார். டப்பென்று மூலைக்கு மூலை விரிசல் ஓடியது.

"களிமண்ணுன்னு நினைச்சீங்களா? மெதுவாங்க" என்றாள் அம்சம். அன்று மீன்குழம்பு இருந்தும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வேறொரு தொட்டி. குறித்த இடத்தைச் சுற்றி வயல் களிமண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீர் ஊற்றினார். மிஷினை அழுத்தாமல், அதன் கனத்திலேயே சுற்றவிட்டார். வெள்ளைச் சேறாகக் கண்ணாடித்தூள் வர வர, அம்சம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாள். வியர்வை மூக்கு நுனியில் நின்றது, அவர் துடைக்கவில்லை. கடைசியில் வட்டச் சில்லு ஒன்று கழன்று விழுந்தது. அந்த ஓட்டையில் டேங்க் நிப்பிள் என்ற இணைப்புக் குழாயை நுழைத்து, இருபக்கமும் ரப்பர் வாஷர் கொடுத்துக் கையாலேயே முறுக்கிக் குழாயை மாட்டினார். மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறி, வடிந்தது. அம்சம் மீன்குஞ்சுகளை மேல்தொட்டியில் விட்டாள். இருவரும் இருட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விடிந்து பார்த்தால் மேல்தொட்டியில் ஒரு குஞ்சுகூட இல்லை.

"அம்சம், எல்லாத்தையும் கொன்னுட்டேன்டி!"

அவள் ஓடிவந்து கீழ்த்தொட்டியை எட்டிப்பார்த்தாள். அத்தனையும் அங்கே வாலாட்டிக்கொண்டிருந்தன. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நீங்க போட்ட வழியிலதான எறங்கிப் போயிருக்குதுங்க!"

சாமிதுரை கொசுவலைத் துண்டைக் குழாய் வாயில் கட்டினார்.

மறியலுக்குப் பிறகு கம்பெனி வண்டிகள் வரவில்லை. போர் வண்டி முதலாளி தானே வந்து அவரை வேலைக்கு அழைத்தார். அதற்குள் எல்லாத் தொட்டிக்கும் ஓட்டை போட்டாகிவிட்டது. இப்போதும் எந்த வயலில் நின்றாலும் மத்தியானம் வீட்டுக்குப் போன் போடுவார்.

"வடியுதா?"

"வடியுது, வடியுது. நீங்க மொதல்ல சாப்பிடுங்க."