கைப்பைக்குள் இருந்த ரோமானியக் கல்

மூன்று வருடங்களுக்கு முன், இத்தாலிக்குச் சுற்றுலா போய்விட்டு நாங்கள் ஆக்லாந்து விமான நிலையத்தில் வந்து இறங்கிய காலை அது. நான், கணவர், பன்னிரண்டு வயது மகள்.

சோதனையில் என் கைப்பையைத் திறந்த அதிகாரி, காலுறையில் சுற்றியிருந்த ஒரு கல்லை வெளியே எடுத்தார். உள்ளங்கையளவு இருந்தது. அடியில் மண். மண் ஒட்டிய எதையும் சொல்லாமல் இந்த நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. நானோ படிவத்தில் 'இல்லை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

என்னுடையதில்லை என்றேன். பை உங்களுடையதுதானே என்று அதிகாரி கேட்டார். பின்னால் நின்ற வரிசை முழுவதும் என்னையே பார்த்தது. பக்கத்தில் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இட் வாஸ் டாட்" என்று தகப்பனைக் காட்டினாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தாலியில் ஒரு சிறிய ஊரில் ரோமானியர் காலத்து வட்ட அரங்கைப் பார்க்கப் போயிருந்தோம். மனிதர்களையும் மிருகங்களையும் சாகும்வரை மோதவிட்டு ஊரே ஆரவாரித்த இடம். பிறகு கேட்பாரற்றுக் கிடந்தபோது, வீடு கட்டவும் தேவாலயம் கட்டவும் சனங்கள் கல் கல்லாகப் பெயர்த்துக்கொண்டு போனார்களாம். மிஞ்சியது பாதி வட்டம்தான். வழிகாட்டி இதைச் சொல்லி முடித்த கையோடுதான் என் கணவர் குனிந்து ஒரு கல்லை எடுத்து என் பைக்குள் வைத்திருக்கிறார்!

அபராதம் என் பெயரில் எழுதப்பட்டது. கல்லை வீசிவிடாமல், சுத்தம் செய்து தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

காரில் ஏறியதும் கணவர், "ஒரு கல்லுத்தானே, ஏன் இப்பிடிக் கத்துறீர்?" என்றார்.

"யாழ்ப்பாணத்திலை எங்கட வீட்டுக் கதவு நிலையைக் கழட்டினவனும் இதைத்தான் சொல்லியிருப்பான்!" என்றேன். போரில் இடம்பெயர்ந்து திரும்பியபோது எங்கள் வீட்டில் நான்கு சுவர்கள்தான் இருந்தன. அது அவருக்கும் தெரியும்.

அன்றே அவரைச் சாப்பாட்டு மேசையில் இருத்தி, அந்த ஊர் அருங்காட்சியகத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வைத்தேன். 'நாங்கள் எடுத்துவிட்டோம்' என்று தொடங்கினார். கிழித்துப் போட்டேன்.

"நாங்களில்லை, நீங்கள். 'நான்' எண்டு எழுதுங்கோ."

எழுதினார். கல்லோடு சேர்த்து நானே தபாலில் போட்டேன். பதில் வரவில்லை.

கல்லை எடுத்ததைக்கூட அறியாமை என்று விட்டுவிட்டேன். ஆனால் நான் பொய்க்காரியாக நின்ற அந்த ஒரு நிமிடம் அவர் வாய் திறக்காததை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது, என் பிள்ளை பேசினாளே என்ற நினைப்பில்தான் அது கொஞ்சமாவது அடங்குகிறது.