பச்சைக் கதவு வீடு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நானும் அவளும் ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தோம். அவள் பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். சாப்பாட்டு இடைவேளையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுவோம். பிரவுசரில் ஓடுவது. ஆளுக்கொரு சின்ன வீடு, தோட்டம். பக்கத்து வீட்டுக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். ஜெயிப்பதற்கு ஒன்றும் கிடையாது.

ஒருநாள் நான் அளவு தப்பாகக் குறித்த உதிரிபாகப் பெட்டியை அவள் சூப்பர்வைசரிடம் காட்டிவிட்டாள். அதோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன், விளையாட்டையும் விட்டேன். மூன்று வாரம் கழித்து, ஹைவேயில் ஷேர் ஆட்டோமீது லாரி மோதியதில் அவள் போய்விட்டாள். அடுத்த வருஷம் அந்த விளையாட்டையும் மூடிவிட்டார்கள்.

இப்போது எனக்குப் புரோகிராம் எழுதுவதுதான் வேலை. அந்த விளையாட்டை மறுபடி கொண்டுவர ஒரு குழு கூடியபோது நானும் சேர்ந்தேன். சண்டையும் அவசரமும் இல்லாத ஆட்டத்தைத் தேடுகிறவர்கள் இப்போது நிறைய. விளையாட்டைச் செய்தவரே பழைய சர்வரின் நகலைக் கொடுத்தார். பழைய வீடுகளைத் திறக்கவைப்பது என் பங்கு.

ஒரு ஞாயிறு மதியம் என் தோட்டத்தின் வருகைப் பதிவைத் திறந்தேன். நான் போகாத மூன்று வாரமும், வேலை நாள் ஒன்று தவறாமல், அவள் பெயர் இருந்தது. தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். கடைசிப் பதிவு விபத்துக்கு முந்தின நாள்.

ஆளில்லாத வீடுகளை அழித்துவிடலாமா என்று குழுவில் கேட்டார்கள். அவள் வீட்டைப் பற்றி நானாக முடிவு செய்யக் கூடாது என்று பட்டது. பஸ் ஏறிப் பழவேற்காடு போனேன்.

அவளுடைய அம்மா டீ கொடுத்தார். போனை நீட்டினேன். பச்சைக் கதவு, வாசலில் ரெட்டைப் பின்னலோடு ஒரு சின்ன உருவம். கையாட்டிக்கொண்டிருந்தது.

"இது அவளா?"

"அவ செஞ்சு வெச்ச பொம்மைம்மா."

"யாரப் பாத்துக் கைய ஆட்டினுகீது?"

"யார் வந்தாலும் ஆட்டும். வேணாம்னா ஊட்டையே எடுத்துர்றேன்."

போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"ஊடு இருக்கட்டும். கை மட்டும் ஆட்ட வேணாம். கூப்புடுறா மாறியே கீது."

"கடசில நாங்க பேசாம இருந்தோம்மா."

"தெரியும். 'கோவம் தீந்தா வந்துடுவா, வுடும்மா'ன்னு சொல்லினு இருந்தா."

மறுநாளே அந்த ஒரு வீட்டில் மட்டும் கையாட்டுவதை எடுத்துவிட்டேன். நாலே வரிதான் மாற்ற வேண்டியிருந்தது.

விளையாட்டைத் திறந்த பிறகு பலர் கேட்கிறார்கள், பச்சைக் கதவு வீட்டுப் பொம்மை பழுதா என்று. பழுதில்லை என்று மட்டும் பதில் எழுதுகிறேன். விளையாட்டில் அந்தத் தெருவில் போகும்போது அது என்னைத் திரும்பிப் பார்ப்பதாகவே தோன்றுகிறது. திரும்பாது. அந்த வரிகளை எழுதியவளே நான்தான். ஆனாலும் வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் அவளுடைய அம்மா போன் பண்ணுகிறார்.

"இந்த வாரம் யார்னா வந்தாங்களா?"

அந்த வீட்டின் வருகைப் பதிவைத் திறந்து, வந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறேன்.