சாயக்கூடாத சேறு

நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, ஏற்காடு ஏரியின் அடிச்சேற்றை இடுப்பு உயரப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் எடுத்துக்கொண்டு சேலம் பஸ்ஸில் ஏறினேன். எங்களைக் கூட்டிவந்த ஜீப் படகுத்துறையிலேயே படுத்துவிட்டது. பேராசிரியர் அதோடு நின்றுகொண்டு என்னை அனுப்பினார். "மேலே புதுச் சேறு, கீழே போகப்போகப் பழசு. சாய்ந்தால் அடுக்கெல்லாம் கலந்துடும்" என்று மூன்று தடவை சொன்னார்.

கண்டக்டர் வந்தார். "ஏனுங்க, அதைய சீட்டுக்கு அடியில படுக்க வெச்சுருங்க."

"படுக்க வைக்கக் கூடாதுங்க."

"உள்ள என்னங்க?"

"சேறுங்க."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

பக்கத்து சீட்டில் இருந்தவர் கொட்டச்சேட்டு எஸ்டேட்டில் காப்பி பறிக்கும் ஓர் அக்கா. "எங்க ஊட்டு வாசல்லயே நொம்பக் கெடக்குதே கண்ணு. இதுக்கா ஏரில எறங்குன?" என்றார் நிஜமான இரக்கத்தோடு.

மானம் போகாமலிருக்க விளக்கினேன். ஏரியில் கடுகைவிடச் சின்னப் பூச்சிகள் உண்டு. அவை பாசியைத் தின்னும், அவற்றை மீன் தின்னும். செத்த பூச்சிகளின் ஓடுகள் சேற்றில் வருடா வருடம் படியும். மீன் பெருகிய காலத்துச் சேற்றில் பெரிய ஓடுகள் குறைந்துபோயிருக்கும்.

"பின்ன? எங்க ஊட்டுக்காரரும் கொழம்புல பெரிய துண்டாப் பாத்துத்தான் எடுப்பாரு. பொடிசுதான் எனக்கு" என்றார். மீனும் அப்படித்தான். எனக்கு அது புரிய ஒரு வருடம் ஆகியிருந்தது.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் எனக்கு வாந்தி வந்துவிட்டது. குழாயை அவர் கையில் திணித்துவிட்டு ஜன்னலுக்குப் பாய்ந்தேன். அவர் அதை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"நீ வாந்தியெடு சாமி. ஏரிய நான் பாத்துக்கறேன்."

"டிரைவரே, மெதுவாப் போங்க! சேறு கலங்குதாம்!" என்று கண்டக்டரும் கத்தினார். யாரோ எனக்கு எலுமிச்சம்பழம் நீட்டினார்கள். சேலம் வரை ஜன்னலை விட்டு நான் தலையை எடுக்கவில்லை, அக்கா குழாயை விட்டுக் கையை எடுக்கவில்லை. இறங்கும்போது, "தலை நிக்காத கொழந்தைய வாங்கற மாதிரி வாங்கு" என்று அதட்டிக் கொடுத்தார்.

மறுநாள் பேராசிரியர் குழாயை வெளிச்சத்தில் பார்த்தார். "ஒரு அடுக்குகூடக் கலையலை. நிதானமான கை உனக்கு." வெட்கமே இல்லாமல் தலையாட்டினேன்.

பிறகு பல வாரங்கள் மைக்ரோஸ்கோப்பில் ஓடுகளை அளந்தேன். அடியில் பெரியவை, மேலே வர வரப் பொடிசுகள்; ஏரியில் மீன் பெருகிக்கொண்டேதான் வந்திருக்கிறது. ஒரு பஸ் முழுக்கக் கேட்கும்படி நான் சொன்ன கதை பொய்யாகிவிடுமோ என்று அதுவரை எனக்குத் தூக்கமே இல்லை.