எந்திரிக்கிறதுக்கு முன்னாடி

எங்க அண்ணி துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவங்க. கப்பல்ல இருந்து இரும்புப் பெட்டியைத் தூக்கி லாரி மேல வைக்கிற ராட்சசக் கிரேன். நூத்தி எண்பது படி ஏறி, கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்து, காலுக்குக் கீழ குனிஞ்சு பாத்துக்கிட்டே முப்பது டன்னை அலுங்காம இறக்குவாங்க. ஒரு தடவை கீழ நின்னு வேடிக்கை பாத்தேன், வாய் தானா பொளந்துக்கிச்சு. நான் செருப்புக் கடையில வேலை பாக்கறவ. ஏணியில மூணு படி ஏறி மேல்தட்டு டப்பாவை எடுக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வரும்.

அப்பேர்ப்பட்ட மனுஷியை மசக்கை சுருட்டிப் படுக்கப் போட்டுடுச்சு. ஆறாவது வாரம் ஆரம்பிச்சுது. காலையில கண்ணைத் திறந்தா குமட்டல், வாசல்ல எவனோ வண்டியை முறுக்கினா அந்தப் புகைக்குக் குமட்டல், சோப்புக்குக் குமட்டல். எல்லாத்தையும் விடப் பெரிய கூத்து, எங்க அண்ணன். அவன் ஒரு கேன்டீன்ல தலைமைச் சமையல்காரன். தாளிச்ச வாசனையோட அவன் தெருமுனை திரும்பறப்பவே அண்ணி வாயைப் பொத்திக்கிட்டு ஓடுவாங்க. பாவம், வேலை முடிஞ்சு அங்கயே குளிச்சு, வந்து மறுபடியும் குளிச்சு, ரூம் வாசப்படியிலேயே நின்னு, "இன்னிக்கு என்ன சாப்பிடறே?"ன்னு கெஞ்சுவான். விதவிதமா சூப் வெச்சான். எல்லாம் போன வேகத்துல திரும்பி வந்துச்சு. அவன் சமையலை வேண்டாம்னு சொன்ன ஒரு ஜீவன் இதுவரைக்கும் பொறந்ததில்லை. இப்பவும் சொல்றது பொறக்காததுதான்.

பத்தே நாள்ல நாலு கிலோ இறங்கிட்டாங்க. கிரேன் மேல ஏற வேண்டாம்னு கம்பெனியில லீவு குடுத்துட்டாங்க. டாக்டரம்மா எடை பாத்தாங்க, மாத்திரை எழுதினாங்க, அண்ணன்கிட்ட சாப்பாட்டு விஷயம் கொஞ்சம் சொன்னாங்க. அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள்ள எடை இன்னும் குறைஞ்சா ஆஸ்பத்திரியில சேர்த்து டிரிப்ஸ் ஏத்தணும், அன்னிக்கே ஸ்கேனும் பாத்துடலாம்னு அனுப்பிட்டாங்க.

அண்ணன் வீட்டுக்கு வந்து குழம்பிப் போய் உக்காந்தான். காலையில எந்திரிக்கிறதுக்கு முன்னாடி காஞ்ச ரொட்டியோ ரஸ்கோ குடுக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்களாம். தூங்கறவளுக்கு எப்படி ஊட்டறதுன்னு என்கிட்ட கேக்கறான். நான் மட்டும் என்ன டாக்டருக்கா படிச்சேன்? ரெண்டு பேரும் மண்டையை உடைச்சுக்கிட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். வழக்கமா எந்திரிக்கிற நேரத்துக்கு முன்னாடின்னு அர்த்தமா இருக்கும். அண்ணி ஆறு மணிக்கு எந்திரிப்பாங்க. அதனால அஞ்சு மணிக்கே எழுப்பிட வேண்டியது.

எழுப்பினோம். எங்க வீட்டுல பல் விளக்காம பச்சைத் தண்ணி கூட வாயில படக்கூடாது. அண்ணி தள்ளாடிப் போய் பல் விளக்குவாங்க, பேஸ்ட் நுரை தொண்டையில பட்டதும் குடலே வெளிய வர்ற மாதிரி ஒரு வாந்தி. அதுக்கப்புறம் மேஜையில உக்காந்து ரஸ்கை முறைச்சுப் பாப்பாங்க, அவ்வளவுதான். நாலு நாள் இதே கதை. முன்னாடி ஆறு மணிக்கு எடுத்த வாந்தியை அஞ்சு மணிக்கு எடுத்ததுதான் மிச்சம்.

நாலாம் நாள் அண்ணி பாத்ரூம் தரையிலேயே உக்காந்துட்டாங்க. தூக்கி விடப் போனேன். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு, என் முகத்தைப் பாக்காம சொன்னாங்க.

"என் வயித்துலயே ஒண்ணும் நிக்கலையே. உள்ள இருக்கறது என்னத்தைத் தின்னும்? இருக்குதான்னே தெரியலடி."

அண்ணி பயந்து நான் பாத்ததே இல்லை. அன்னிக்குக் கடையில எட்டாம் நம்பர் கேட்டவங்களுக்கு அஞ்சாம் நம்பரை எடுத்துக் குடுத்து முதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். மனசு கேக்கலை. டீ குடிக்கிற நேரத்துல கிளினிக்குக்குப் போன் போட்டேன். நர்ஸம்மா எடுத்தாங்க. நடந்ததெல்லாம் சொன்னேன்.

"ஏம்மா, எந்திரிக்கிறதுன்னா படுக்கையை விட்டு எந்திரிக்கிறது. காலைத் தரையில வைக்கறதுக்கு முன்னாடி, படுத்த வாக்குல சாப்பிடணும்."

"பல் விளக்காமலா?"

"பல்லு எங்க ஓடிப்போகுது? அப்புறமா விளக்கட்டும்."

தலையில அடிச்சுக்கிட்டேன். எங்க வீட்டுல எந்திரிக்கிறதுன்னா கண்ணு முழிக்கிறது, டாக்டரம்மாவுக்கு அது காலைக் கீழ வைக்கிறது. ஒரே ஒரு வார்த்தைக்குள்ள நாலு நாளைத் தொலைச்சிருந்தோம். நர்ஸம்மா மீதியையும் பொறுமையா சொன்னாங்க. வயிறு காலியாவே இருக்கக் கூடாது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை துளித்துளியா உள்ள போகணும். சூடா இருந்தா வாசனை தூக்கும், அதனால ஆறினதைக் குடுங்க. தண்ணியைச் சாப்பாட்டோட சேர்க்காம நடுநடுவுல ஒவ்வொரு வாயா குடிக்கட்டும். தண்ணி கூட நிக்கலைன்னாலோ ஒண்ணுக்குப் போறது குறைஞ்சாலோ செவ்வாய்க்கிழமை வரைக்கும் காத்திருக்காம உடனே கூட்டிட்டு வாங்க.

மறுநாள் விடியக்காலம் தலைமாட்டுல ஒரு தட்டுல ரஸ்க் வெச்சேன். அண்ணனை உள்ள விடலை, கதவுக்கு வெளிய நின்னான். அண்ணி கண்ணு முழிச்சு, அசையாம, ஒரு ஓரத்தை நகத்தளவு கடிச்சாங்க. மென்னாங்க, முழுங்கினாங்க. நான் அடுத்த துண்டை நீட்டினேன், கையை மட்டும் தூக்கி நிறுத்தினாங்க.

"இரு. ஆட்டம் நிக்கட்டும்."

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. கயித்துல தொங்கற சுமை ஆடிக்கிட்டிருக்கும்போது இறக்கினா எதுலயாவது போய் இடிக்கும், ஆட்டம் அடங்கினப்புறம்தான் அங்குலம் அங்குலமா இறக்கணும்னு அவங்களே எனக்குச் சொல்லியிருக்காங்க. இப்ப ரஸ்கை அப்படித்தான் இறக்கினாங்க. ஒரு கடி, கண்ணை மூடிக் காத்திருப்பு, அப்புறம் இன்னொரு கடி. ஒரு ரஸ்க் உள்ள போக இருபத்தஞ்சு நிமிஷம். நான் கடியாரத்தையும் அவங்க தொண்டைக்குழியையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு, மூச்சு விடவும் பயந்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் மெதுவா எந்திரிச்சு, காலைத் தரையில வெச்சாங்க. ஒண்ணும் வரலை. வெளிய எங்க அண்ணன் மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு.

எல்லாம் ஒரே நாள்ல சரியாகிடுச்சுன்னு சொன்னா அது புளுகு. ஞாயித்துக்கிழமை ரெண்டு தடவை வாந்தி. ஆனா மத்தபடி சாப்பிட்டதெல்லாம் வயித்துல நின்னுச்சு. வேலைக்குப் போய் வந்த நேரம் போக அண்ணன் அவிச்ச உருளைக்கிழங்கை ஃபேனுக்கு அடியில வெச்சு ஆறவெச்சான், உப்பு மட்டும் தூவினான். சுடச்சுடப் பரிமாறியே பேர் வாங்கினவனுக்கு அது எவ்வளவு பெரிய அடின்னு எனக்குத் தெரியும். வாயே திறக்காம தயிரும் வாழைப்பழமும் எடுத்து வெச்சான்.

செவ்வாய்க்கிழமை வந்துச்சு. எடை மிஷின்ல அண்ணி ஏறினப்ப நான் கண்ணை மூடிக்கிட்டேன். போன தடவையை விட இருநூறு கிராம் கூட. டிரிப்ஸ் வேண்டாம்னாங்க. ஆனா அண்ணி சிரிக்கலை, ஸ்கேன் மிஷினையே பாத்துக்கிட்டிருந்தாங்க.

இருட்டு அறை. திரையில ஒண்ணும் விளங்கலை, சாம்பலும் கறுப்புமா என்னவோ நெளிஞ்சுது. டாக்டரம்மா விரலால காட்டினாங்க. அவரைக்கொட்டை அளவு ஒண்ணு, அதுக்கு நடுவுல ஒரு புள்ளி துடியா துடிக்குது. அவ்வளவு வேகமா, அவ்வளவு விடாம! டாக்டரம்மா அளந்து பாத்துட்டு, எட்டு வாரம் நாலு நாளுக்கு எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவு இருக்கு, ஒரு நாள் வளர்த்தி கூடக் குறையலைன்னாங்க.

அண்ணிக்கு நம்பிக்கை வரலை. நான்தான் ஒண்ணுமே தின்னலையே, அது எங்க இருந்து வளர்ந்துச்சுன்னு கேட்டாங்க.

"உங்ககிட்ட இருந்துதாம்மா. வெளிய இருந்து வரலைன்னா உங்க உடம்புல இருந்தே எடுத்துக்கும்."

அண்ணி துருத்தின கழுத்தெலும்பைத் தடவிக்கிட்டே திரையைப் பாத்தாங்க. கண்ணுல இருந்து தண்ணி காதுப்பக்கம் வழிஞ்சுது, தொடைக்கவே இல்லை.

"எடுத்துக்கட்டும்"னாங்க.